ஜிம்ல பணம் கட்டுறதுக்கு முன்னாடி: சேல்ஸ் பேச்சுல சிக்காம எக்சர்சைஸ் ஆரம்பிக்கிறது எப்படி

ஜனவரி முதல் வாரம் சென்னைல எந்த ஜிம் வாசல்ல பாத்தாலும் ஒரு பேனர் தொங்கும், நியூ இயர் ஆஃபர், ஒரு வருஷம் கட்டுனா மூணு மாசம் ஃப்ரீ, ஜோடியா வந்தா இன்னும் கம்மினு. அதே பேனர் பொங்கலுக்கு இருக்கும், அப்புறம் சம்மர் ஆஃபர், ஆடி ஆஃபர், தீபாவளி ஆஃபர்னு பேர் மட்டும் மாறிக்கிட்டே இருக்கும். அதனால இன்னைக்கு விட்டா போச்சுனு யாராச்சும் சொன்னா பதறவே வேணாம், ரேட்டு எங்கயும் ஓடிப்போகாது.

நம்ம ஊர்ல நிறைய பேரு முதல்ல பணத்த கட்டிடுறாங்க, காசு போட்டுட்டோம்னா தானா போயிடுவோம்ங்கிற நம்பிக்கைல. அது எவ்ளோ தூரம் வேலை செய்யும்னு ஆராய்ச்சியே பண்ணிருக்காங்க. அமெரிக்கால மூணு ஹெல்த் கிளப்போட வருகைப் பதிவ வச்சு 2006ல ரெண்டு பொருளாதார நிபுணர்கள் ஒரு கட்டுரை எழுதுனாங்க, மாசம் 70 டாலருக்கு மேல கட்டுற மெம்பர்ஸ் சராசரியா மாசத்துக்கு 4 தடவை சொச்சம் தான் வந்துருக்காங்க. கணக்கு போட்டா ஒரு தடவைக்கு 17 டாலர் ஆகுது, ஆனா அதே கிளப்ல ஒரு தடவைக்கு 10 டாலர் ஆகுற மாதிரி பாஸ் இருந்துச்சு, அத அவங்க பெருசா கண்டுக்கல. 1998ல வந்த இன்னொரு ஆய்வு இதவிட சுவாரசியம், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஃபீஸ் கட்டுறவங்க கட்டுன கையோட நல்லா வர்றாங்க, போகப் போக குறையுது, மறுபடி கட்டுற நேரம் வந்ததும் திரும்ப ஏறுது, மாசாமாசம் கட்டுறவங்க மட்டும் கிட்டத்தட்ட ஒரே சீரா வர்றாங்க. அதாவது கட்டுன காசு நம்மள உறுத்தும், ஆனா ரொம்ப நாள் உறுத்தாது. ஒரு வருஷத்துக்கு மொத்தமா கட்டுனா ஒரு தடவ தான் உறுத்தும், அப்புறம் அந்த ரோடு வழியா போறதையே தவிர்ப்போம்.

ஜிம் நடத்துறவங்களுக்கு இது நம்மளவிட நல்லா தெரியும். பணம் கட்டுன எல்லாரும் சாயந்தரம் ஏழு மணிக்கு ஒண்ணா வந்து நின்னா நிக்க இடம் இருக்காது, வராதவங்க கட்டுற காசுல தான் வாடகையும் ஏசி பில்லும் ஓடுது. இதுல அவங்கள திட்டவும் முடியாது, தொழில் அப்படி. நாம தான் வரிசைய மாத்தணும், மொதல்ல பழக்கம், அப்புறம் தான் பணம்.

ஜிம்முக்கு முந்தின ரெண்டு மாசம்

ஒரு ரூபாய் செலவு இல்லாம ரெண்டு மாசம் ஏதாச்சும் ஒண்ண பண்ணிக் காட்டுங்க, யாருக்கும் இல்ல, உங்களுக்கே. எதுக்கு ரெண்டு மாசம்னா, லண்டன்ல 2010ல வந்த ஒரு ஆய்வுல புதுப் பழக்கம் ஒண்ணு தானா வர ஆரம்பிக்க சராசரியா 66 நாள் ஆச்சு, ஆனா ஆளுக்கு ஆள் 18 நாள்ல இருந்து 254 நாள் வரைக்கும் கூட போச்சு. இந்த 21 நாள் சேலஞ்ச்னு சுத்துறதெல்லாம் நம்பி, 22ஆவது நாள் கஷ்டமா இருந்தா நமக்கு செட் ஆகாது போலனு விட்டுடாதீங்க. அதே ஆய்வுல நடுவுல ஒரு நாள் விட்டவங்களுக்கு பெருசா ஒண்ணும் கெட்டுப்போகலனும் இருக்கு. ஒரு நாள் விடலாம், தொடர்ந்து ரெண்டாவது நாளும் விடக்கூடாதுனு ஒரே ஒரு விதி போதும்.

நாளைல இருந்து காலைல எந்திரிச்சு ஓடப்போறேன்னு பொதுவா சொன்னா நடக்காது, எதுக்கு அப்புறம்ங்கிறத முடிவு பண்ணணும். பையன ஸ்கூல் வேன்ல ஏத்திவிட்டதும் வீட்டுக்கு திரும்பாம அப்படியே நாலு தெரு சுத்துறது, ஆஃபீஸ்ல இருந்து வந்து சோஃபால உக்கார்றதுக்கு முன்னாடி டிரஸ் மாத்திட்டு இறங்கிடுறது, இப்படி ஏற்கனவே தினமும் நடக்குற ஒரு விஷயத்தோட வாலைப் பிடிச்சு கோத்துவிட்டா ஞாபகப்படுத்த அலாரம் தேவைப்படாது. நைட் ஷிஃப்ட் பாக்குறவங்க காலைல நடக்கணும்னு யாரோ சொன்னதுக்காக தூக்கத்த கெடுத்துக்க வேணாம், ஷிஃப்டுக்கு கிளம்புறதுக்கு முன்னாடி இருக்கிற அரை மணி நேரமே தாராளம்.

அளவு எவ்ளோனு கேட்டா, உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னது, பெரியவங்களுக்கு வாரத்துக்கு 150ல இருந்து 300 நிமிஷம் மிதமான உழைப்பு, அதோட வாரத்துல ரெண்டு நாளாச்சும் தசைக்கு வேலை. 150 நிமிஷம்னா வாரத்துல அஞ்சு நாள் அரை மணி நேரம் வேக நடை, பேச முடியும் ஆனா பாட முடியாதுங்கிற வேகம். ஆரம்பத்துல அதுகூட வேணாம், பத்து நிமிஷம் போதும், பத்து நிமிஷம் முடிஞ்சதும் வேணும்னா திரும்பிடலாம்னு வச்சுக்கோங்க, பெரும்பாலும் திரும்ப மாட்டீங்க. தசைக்கு தண்டாலும் பஸ்கியும் இருக்கு, தரைல தண்டால் வரலைன்னா சமையல் மேடையப் பிடிச்சு பண்ணுங்க, பஸ்கி வரலைன்னா நாற்காலில உக்காந்து கைய ஊனாம எந்திரிங்க, அதுவே ஆரம்பம். சுகர், பிபி, மூட்டு வலி, நெஞ்சு சம்பந்தமா ஏதாச்சும் இருந்தா மொதல்ல டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆரம்பிங்க.

இடத்துக்கா பஞ்சம்? மெரினா இருக்கு, பெசன்ட் நகர் பீச் இருக்கு, அண்ணா நகர் டவர் பார்க், மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பார்க், மாநகராட்சி பூங்காக்கள் நிறையதுல கம்பி, பெடல்னு ஓபன் ஜிம் சாமான் கூட போட்டு வச்சிருக்காங்க. சென்னைக்கு வெளிய இருக்கிறவங்களுக்கு, 2023 நவம்பர்ல நடப்போம் நலம் பெறுவோம்னு அரசு தொடங்குன 8 கிலோமீட்டர் நடைபாதை 38 மாவட்டத்துலயும் இருக்கு. பிரச்சனை என்னன்னா நம்ம வானிலை, ஐப்பசி கார்த்திகைல மழை வெளுத்து வாங்கும், சித்திரை வெயில்ல ஏழு மணிக்கே வேர்த்து ஊத்தும், அப்போ மொட்டை மாடிப் படிக்கட்டு இல்லன்னா ஹால்லயே ஒரு இருபது நிமிஷம்னு மாத்துத் திட்டம் ஒண்ண முன்னாடியே யோசிச்சு வச்சுக்கணும், மழை வந்தப்புறம் யோசிச்சா போர்வைக்குள்ள தான் யோசிப்போம்.

பிடிச்ச பாட்டு, பாட்காஸ்ட், தொடர்கதை ஆடியோ இதுல எதையாச்சும் நடக்கும்போது மட்டும் தான் கேக்கணும்னு வச்சுக்கிட்டா அது நல்லாவே இழுக்கும், இதையும் 2014ல அமெரிக்கால ஜிம்ல ஆடியோ புக் குடுத்து பாத்துருக்காங்க, ஆரம்பத்துல வருகை நல்லா ஏறுச்சு, ஆனா நடுவுல லீவு வந்ததும் அந்த வேகம் போயிடுச்சு. நமக்கும் அதே தான், தீபாவளிக்கு ஊருக்கு போயிட்டு வந்து உடனே மறுநாளே இறங்கலன்னா பொங்கல் வரைக்கும் தள்ளிடுவோம். எடைய தினமும் பாக்காதீங்க, முந்தின நாள் சாப்பிட்ட உப்புக்கும் தண்ணிக்கும் ஏத்த மாதிரி அது ஒரு கிலோ அங்கயும் இங்கயும் ஆடும், அத பாத்து மூட் அவுட் ஆகுறதுதான் மிச்சம். எத்தன நாள் பண்ணுனோம்ங்கிறத மட்டும் மாசக் காலண்டர்ல டிக் அடிங்க.

இத எல்லாம் எதுக்கு இவ்ளோ நீட்டி சொல்றேன்னா, ஜிம் கேபின்ல உக்காரும்போது இந்த ரெண்டு மாசக் காலண்டர் தான் உங்க கைல இருக்கிற துருப்புச்சீட்டு. வாரத்துல நாலு நாள் ஏற்கனவே பண்றவர்ட்ட போய் நீங்க சீரியஸா இல்ல சார்னு யாரும் சொல்ல முடியாது.

உள்ள போனா என்ன நடக்கும்

போனவுடனே ரேட் சொல்ல மாட்டாங்க. பேரு, போன் நம்பர், வேலை எங்க, எவ்ளோ நாளா வெயிட் ஏறுச்சு, என்ன கோல்னு ஒரு ஃபார்ம். அதுல போன் நம்பர் கட்டாயம் இல்ல, ரேட் கேட்டுட்டு சொல்றேன்னு காலியா விடலாம். அடுத்து ஒரு மெஷின்ல வெறுங்கால்ல ஏத்துவாங்க, ரெண்டு கைப்பிடிய பிடிச்சு நின்னதும் ஒரு ஷீட் பிரிண்ட் ஆகி வரும், பாதிக்கு மேல செகப்பு. உங்க வயசு 34, ஆனா மெட்டபாலிக் ஏஜ், அதாவது மெஷின் கணக்குப்படி உடம்போட வயசு, 49னு சொல்லிட்டு ஒரு நிமிஷம் அமைதியா உங்க மூஞ்சியப் பாப்பாங்க, அந்த அமைதி தான் சேல்ஸ். அந்த மெஷின் உடம்புக்குள்ள லேசா ஒரு கரண்ட விட்டு, தண்ணி எவ்ளோ இருக்குனு கணிச்சு, அதுல இருந்து கொழுப்பு இவ்ளோனு ஒரு மதிப்பீடு போடுது. தண்ணி குடிச்சிருக்கீங்களா, சாப்பிட்டு வந்தீங்களா, வேர்த்திருக்கா இதுக்கெல்லாம் நம்பர் மாறும். சில மாச இடைவெளில அதே மெஷின்ல, நாள்ல அதே நேரத்துல பாத்தா ஓரளவு உபயோகம், பணம் கட்ட வைக்கிற நேரத்துல காட்டுற ஒத்த ஷீட்ட வச்சு பயப்பட ஒண்ணுமே இல்ல. உண்மையிலயே சந்தேகம் இருந்தா லேப்ல சுகர், கொலஸ்ட்ரால் பாருங்க.

அப்புறம் கேபின். ஒரு ஏ4 பேப்பர எடுத்து 30,000னு எழுதுவார், அத ஒரு கோடு போட்டு அடிச்சு 22,000, அதையும் அடிச்சு 16,999னு வட்டம் போடுவார். நீங்க யோசிச்சா, ஒரு நிமிஷம் ப்ரோ, மேனேஜர்ட்ட கேட்டுட்டு வரேன்னு எந்திரிச்சு போவார், திரும்பி வந்து உங்களுக்காக மட்டும் 14,999, ஆனா இன்னைக்கே கட்டணும், வெளிய யார்ட்டயும் சொல்லிடாதீங்கம்பார். முதல்ல எழுதுன 30,000த்துக்கு யாருமே கட்டுறதில்ல, அது பக்கத்துல வச்சாதான் 14,999 சின்னதா தெரியும்னு எழுதுறது. அந்தப் பையனுக்கும் மாசக் கடைசில டார்கெட் இருக்கு, சம்பளத்துல பாதி இன்சென்டிவ்வா இருக்கலாம், அதனால அவர்ட்ட கோவப்படாம சிரிச்சுக்கிட்டே பேசுங்க, ஆனா கார்ட மட்டும் பர்ஸ்ல இருந்து எடுக்காதீங்க.

சொல்றதுக்கு சில வரிகள், அப்படியே யூஸ் பண்ணிக்கலாம். "இன்னைக்கு நான் பாக்கத்தான் வந்தேன் ப்ரோ, கட்ட வரல." இத உள்ள போனதுமே சொல்லிடணும், கடைசில சொன்னா அவர் ஒரு மணி நேரம் உழைச்சத நாம ஏமாத்துன மாதிரி நமக்கே ஒரு சங்கடம் வந்துடும், அந்த சங்கடத்துல தான் பாதி பேரு கட்டுறாங்க. ஆஃபர் இன்னைக்கு முடியுதுன்னா, "பரவால்ல, அடுத்த ஆஃபர் வரும்போது சொல்லுங்க, வரேன்." சும்மா ஒரு 500 டோக்கன் அட்வான்ஸ் போட்டு ரேட்ட லாக் பண்ணிக்கோங்கன்னா, "டோக்கன் எதுவும் போடுறதில்ல." வீட்ல கேக்கணும்னு மட்டும் சொல்லாதீங்க, ஏன்னா அதுக்கு அவங்ககிட்ட பதில் ரெடியா இருக்கும், போன் போட்டு குடுங்க நானே பேசுறேன் மேம்னு வந்துடுவாங்க. காரணம் சொல்ல சொல்ல அதுக்கு மறுபேச்சு வரும், வேணாம்ங்கிறதுக்கு மட்டும் மறுபேச்சு இல்ல. கல்யாணம் நிச்சயமான பொண்ணுங்க, குழந்தை பிறந்து கொஞ்ச மாசமான அம்மாக்கள் இவங்ககிட்ட தான் பேச்சு ரொம்ப கூசுற மாதிரி போகும், போட்டோல எப்படி தெரிவீங்க, ஹஸ்பெண்ட் ஒண்ணும் சொல்றதில்லையானு கேட்ட இடம் எல்லாம் இருக்கு. அந்தக் கேள்வி வந்த நொடியே எந்திரிச்சு வந்துடலாம், மரியாதைக்கு கூட உக்காந்திருக்க வேணாம்.

இதே வேலைய ஆப்லயும் வெப்சைட்லயும் பண்ணுனா அதுக்கு விதியே இருக்கு. 2023 நவம்பர் கடைசில மத்திய அரசு 13 வகையான டார்க் பேட்டர்ன, அதாவது ஆன்லைன்ல நம்மள ஏமாத்தி முடிவு எடுக்க வைக்கிற தந்திரங்கள, தடை பண்ணி வழிகாட்டுதல் போட்டுச்சு, பொய்யான அவசரம் காட்டுறது, வேணாம்னு சொல்றவங்கள கூச்சப்பட வைக்கிறது, சந்தாவ கேன்சல் பண்ண விடாம சுத்த விடுறது மூணுமே அந்த லிஸ்ட்ல இருக்கு.

சுத்திக் காட்டும்போது நீங்க வரப்போற அதே நேரத்துல போய் பாருங்க. மதியம் மூணு மணிக்கு எல்லா ஜிம்மும் அழகாத்தான் இருக்கும். சாயந்தரம் ஏழுக்கு ஸ்குவாட் ரேக்குக்கு எத்தன பேரு நிக்கிறாங்க, ஏசி ஓடுதா இல்ல ஃபேன் தானா, பாத்ரூம் எப்படி இருக்கு, எத்தன ட்ரெட்மில்ல ரிப்பேர்னு பேப்பர் ஒட்டிருக்கு, பைக் நிறுத்த இடம் இருக்கா. தண்ணி குடிக்க ஒதுங்கி நிக்கிற யார்ட்டயாச்சும், அண்ணா இங்க எப்படினு கேளுங்க, ட்ரெயினர் மாறிக்கிட்டே இருக்காங்க, பாட்டு சத்தம் தாங்கலனு உண்மை அங்க தான் வரும். காசு குடுத்தாச்சும் ரெண்டு மூணு நாள் ட்ரயல் கேளுங்க. எல்லாத்தையும்விட தூரம் முக்கியம், வீட்டுக்கும் ஆஃபீஸுக்கும் நடுவுல, யூ டர்ன் அடிக்காம போற வழில இருக்கிற சுமாரான ஜிம், ரெண்டு சிக்னல் தள்ளி இருக்கிற சூப்பர் ஜிம்மவிட உங்களுக்கு நல்லது.

பணமும் பேப்பரும்

முதல் மூணு மாசம் மாசாமாசம் தான் கட்டுவேன்னு நில்லுங்க. மாசம் 2,000, வருஷம் 15,000னு வச்சுக்கோங்க, ஏழரை மாசம் விடாம வந்தாதான் வருஷக் கட்டணம் லாபம், நாலு மாசத்துல நின்னா மாசம் 3,750 ஆயிடும். மாச பேக்கேஜே இல்லன்னு சில இடத்துல சொல்லுவாங்க, மூணு மாசம்னா ஓகே, அதுக்கு மேலன்னா வேற ஜிம் பாருங்க. 2020ல மார்ச் மாசம் மூடுன ஜிம்ம தமிழ்நாட்டுல ஆகஸ்ட் 10ஆம் தேதி தான் திறக்க விட்டாங்க, அப்போ மொத்தமா கட்டிட்டு உக்காந்திருந்தவங்கள கேட்டா சொல்லுவாங்க. அவ்ளோ பெரிய விஷயம் கூட வேணாம், ஓனர் கைமாறுறது, பிரான்ச் மூடுறது எல்லாம் சாதாரணமா நடக்குது.

நோ காஸ்ட் இஎம்ஐன்னா ரொம்ப கவனம். அது ஜிம்முக்கு நீங்க மாசாமாசம் கட்டுற பணம் இல்ல, ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி உங்க பேர்ல லோன் போட்டு முழுப்பணத்தையும் ஜிம்முக்கு குடுத்துடும். நீங்க ஜிம்முக்கு போறத நிறுத்துனாலும், ஏன் ஜிம்மே மூடுனாலும், லோன் உங்க தலைல தான், தவணை தவறுனா சிபில் ஸ்கோர் அடிவாங்கும். யூபிஐ ஆட்டோபேன்னா பரவால்ல, உங்க யூபிஐ ஆப்லயே மேண்டேட் (தானா பணம் எடுக்க நீங்க குடுத்த அனுமதி) பகுதில போய் நீங்களே கேன்சல் பண்ணிக்கலாம்.

ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலானு கேளுங்க. ஜிம்முக்கு 18 சதவீதம் இருந்தது 2025 செப்டம்பர் 22ல இருந்து 5 சதவீதம் ஆயிடுச்சு, 15,000க்கு 2,700 வாங்குன இடத்துல இப்ப 750 தான். இன்னும் பழைய கணக்குலயே சொன்னா பில்ல காட்டச் சொல்லுங்க. ஜிஎஸ்டி நம்பரே இல்லாத சின்ன ஜிம்மா இருந்தா அவங்க ஜிஎஸ்டினு ஒரு பைசா வாங்கக்கூடாது.

கையெழுத்துக்கு முன்னாடி ஃபார்ம் பின்பக்கத்த படிங்க, அங்க தான் பொடி எழுத்துல எல்லாம் இருக்கும். ஃப்ரீஸ், அதாவது மெம்பர்ஷிப்ப நடுவுல நிறுத்தி வைக்கிறது, எத்தன நாள், வேற ஆளுக்கு மாத்தலாமா, மாத்த எவ்ளோ, வீடு மாறுனா வேற பிரான்ச்ல அனுமதி உண்டா, அட்மிஷன் ஃபீஸ் தனியா. அவர் வாயால சொன்னத எல்லாம் அந்த ஃபார்ம்லயே பேனாவுல எழுதி கையெழுத்து போடச் சொல்லுங்க, எழுத மாட்டேன்னா அப்படி ஒரு சலுகை இல்லனு அர்த்தம். குறைஞ்சபட்சம் வாட்ஸப்ல ஒரு மெசேஜா அனுப்பச் சொல்லி வச்சுக்கோங்க.

சேந்த அப்புறமும் விட மாட்டாங்க. முதல் வாரம் ஜெனரல் ட்ரெயினர் உங்க பக்கமே வர மாட்டார், பெர்சனல் ட்ரெயினிங் எடுத்தவங்ககூடவே நிப்பார், நீங்க தப்பா பண்ணும்போது மட்டும் வந்து இப்படி பண்ணா முதுகு போயிடும் சார், ஒரு மூணு மாசம் பீட்டி (பெர்சனல் ட்ரெயினிங்) எடுத்துக்கோங்கன்னு ஆரம்பிப்பார். புதுசா வெயிட் தூக்குறவங்களுக்கு சொல்லித்தர ஆள் தேவைதான், அத நான் மறுக்கல, ஆனா மூணு மாசம் 36 செஷன்னு மொத்தமா கட்டாம, ஒரு ஆறு செஷன் மட்டும் தனியா கேட்டு, ஸ்குவாட், டெட்லிஃப்ட், பிரஸ், ரோனு அடிப்படை வெயிட் பயிற்சிகள சரியா பண்ற முறைய மட்டும் சொல்லித் தாங்கனு கேளுங்க. ட்ரெயினர் கைல குடுக்குற டப்பா பவுடருக்கு ஒரே பதில், 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம்) லைசன்ஸ் நம்பர் எங்க, பில் எங்க. ஊசி, மாத்திரைனு பேச்சு வந்தா அந்த ஆள்ட்ட அதுக்கு மேல ட்ரெயினிங்கே வேணாம்.

ஜிம்ல இருந்து வர்ற போன் தொல்லைக்கு 1909ல டிஎன்டி (விளம்பர கால் வேணாம்ங்கிற பதிவு) பண்ணுங்க, அப்படியும் அடிச்சா அதே 1909லயே புகார் குடுக்கலாம்.

ஏற்கனவே கட்டிட்டவங்களுக்கு

கட்டி ரெண்டு நாள் தான் ஆச்சுன்னா போன்ல பேசிட்டு விட்றாம உடனே மெயில்ல ரீஃபண்ட் கேளுங்க, பில்லோட போட்டோ, அவங்க சொன்ன வாட்ஸப் மெசேஜ் எல்லாம் சேத்து. நோ ரீஃபண்ட்னு ஃபார்ம்ல அச்சடிச்சிருக்குனு காட்டுவாங்க, ஆனா ஃபார்ம்ல இருக்கிறதாலயே எல்லாம் செல்லுபடி ஆயிடாது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்த எதிர்த்து கேக்க இடம் இருக்கு, பில் தர மறுக்கிறதே அந்தச் சட்டப்படி முறையற்ற வணிகம் தான். சொன்ன ஏசி இல்ல, சொன்ன ட்ரெயினர் இல்ல, பிரான்ச்ச மூடிட்டாங்கன்னா உங்க கேஸ் இன்னும் வலுவா இருக்கும், சும்மா மனசு மாறிட்டுன்னா கொஞ்சம் கஷ்டம், அப்போ ஃப்ரீஸ் இல்லன்னா ட்ரான்ஸ்ஃபர் கேட்டு வாங்கப் பாருங்க. மொதல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு கால் பண்ணுங்க, நிறைய விஷயம் அங்கயே முடியும், தமிழ்லயே பேசலாம். முடியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், நுகர்வோர் புகாருக்கான இ-ஜாக்ரிதி வெப்சைட்ல வீட்ல இருந்தே புகார் போடலாம், கட்டுன தொகை 5 லட்சம் வரைக்கும் இருந்தா கட்டணமே கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்ல, பிரச்சனை வந்த நாள்ல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும்.

ரீஃபண்டும் வரல, மிச்சம் எட்டு மாசம் கிடக்குன்னா, தினமும் ஒன்றரை மணி நேரம்னு பழைய திட்டத்தோட திரும்ப போகாதீங்க. செவ்வாயும் வெள்ளியும் மட்டும், கூட்டம் இல்லாத நேரமா பாத்து, உள்ள போய் இருபது நிமிஷம், அதுலயும் வீட்ல பண்ண முடியாத கம்பி, டம்பெல் வேலைய மட்டும் பண்ணிட்டு வந்துடுங்க. இவ்ளோ நாளா ஏன் சார் வரலனு ரிசப்ஷன்ல கேட்டா, வேலை இருந்துச்சுனு சொல்லிட்டு கார்ட தேச்சுட்டு உள்ள போங்க, ரினிவல் ஆஃபர பத்தி பேச ஆரம்பிச்சா காதுல இயர்ஃபோன மாட்டிக்கோங்க.